யார், யாரிடம், எங்கே நின்று?

படைப்பெழுத்துப் பாடத்தில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பாடத்திட்டம் எனக்குப் பழக்கமானது. கவிதையின் கூறுகள் என்று ஓர் அலகு: சொல், ஓசை, உவமை, படிமம், குறியீடு. நாடகத்தின் கூறுகள் என்று அடுத்த அலகு: கதைப்பின்னல், பாத்திரம், உரையாடல், முரண், களம், உச்சம். இரண்டையும் நெட்டுருப் போட்டுவிட்டால் ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்குக் கவலையில்லை. பல ஆண்டுகளாக எழுத்துப் பட்டறைகளில் உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து வருகிறேன். பட்டியலைப் பிசகாமல் ஒப்பித்த பிள்ளை மறுநாள் தன் கவிதையை என்னிடம் நீட்டுவாள். "இதில் பேசுவது யார்?" என்று கேட்பேன். "நான்தான் சார்" என்பாள். "யாரிடம் பேசுகிறாய்?" என்பேன். பதில் வராது. அந்தப் பதில் வராத இடத்தை நினைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர், இன்னொருவரிடம், ஓரிடத்தில், ஒரு பொழுதில் நின்று பேசுவது கவிதை. கேட்டுக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்து பதில் பேசிவிட்டால் அது நாடகம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கூறுகள் தாமாக வந்து பொருந்தும். இதை விட்டுவிட்டால் எத்தனை கூறுகளை மனப்பாடம் செய்தாலும் எழுத்தில் உயிர் வராது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் செய்யுளியல் என்று ஓர் இயல் உண்டு. செய்யுளின் உறுப்புகளாக 34 அங்கே எண்ணப்படுகின்றன. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, தொடை, பா என்று நாம் எதிர்பார்ப்பவை எல்லாம் இருக்கின்றன. பட்டியலில் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று வரும். யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எந்த இடம், எந்தப் பொழுது, எதற்காக, உடம்பில் என்ன தெரிகிறது, எது சொல்லாமல் விடப்பட்டது, இந்தப் பேச்சு இவர் வாய்க்குப் பொருந்துமா? நாடகம் எழுதுகிறவர் தன் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. தொல்காப்பியமோ இவற்றைச் செய்யுளுக்குச் சொல்கிறது. ஒரு பாட்டின் உறுப்புகளுக்குள்ளேயே ஓர் அரங்கம் இருக்கிறது என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள். உங்கள் பாடநூலின் நாடகப் பட்டியலுக்கு மூலம் பெரும்பாலும் அரிஸ்டாட்டில். துன்பியல் நாடகத்துக்கு அவர் ஆறு கூறுகள் சொன்னார்: கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சி. அதையும் ஊன்றிப் படியுங்கள். ஆனால் நம் வீட்டுப் பரணில் இருக்கும் இந்தப் பெட்டியைத் திறக்காமலே போய்விடாதீர்கள்.

சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். குறுந்தொகையைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சிறு குறிப்பு வரும்: யார், யாருக்கு, எந்தச் சூழலில் கூறியது என்று. அவசரத்தில் நாம் தாண்டிப் போவது அந்தக் குறிப்பைத்தான். நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் பேசும் பாட்டு. எழுதியவரின் இயற்பெயர் மறைந்து, அந்த உவமையே செம்புலப் பெயனீரார் என்று அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. அழகான காதல் உவமை என்றே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். குறிப்பைப் படித்தால் வேறொரு காட்சி தெரியும். இருவரும் முதன்முதலாகக் கூடியிருக்கிறார்கள். இவன் நம்மைப் பிரிந்து போய்விடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். வாய்திறந்து கேட்கவில்லை, முகம் மட்டும் மாறுகிறது. அதைப் பார்த்துத்தான் அவன் பேசத் தொடங்குகிறான்.

இப்போது அந்த உவமையை மறுபடி பாருங்கள். செம்மண்ணில் விழுந்த நீர் மண்ணின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. அதன்பிறகு நீர் தனி, மண் தனி என்று யாராலும் பிரித்துவைக்க முடியாது. பிரிவுக்கு அஞ்சுகிறவளிடம் அவன் பிரிக்க முடியாத ஒன்றைக் காட்டுகிறான். அவள் கேட்காத கேள்விக்கு அவன் சொன்ன பதில் அது. உவமையை அணி என்று படித்திருப்பீர்கள். பாட்டுக்குப் போட்டுவிடும் நகை என்று நினைத்திருப்பீர்கள். இங்கே அது ஒரு வேலை செய்கிறது. ஒருத்தியின் அச்சத்தைத் தொட்டுத் தணிக்கிறது. உங்கள் கவிதையில் ஓர் உவமையை வைக்கும்போது, எதிரில் நிற்பவரை இது என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு பாட்டு. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் 51ஆம் பாட்டு. அதை என் சொற்களில் சொல்கிறேன். ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். சிறுவயதில் தெருவில் நாம் கட்டிய மணல்வீட்டை உதைத்து, சூடியிருந்த பூவைப் பறித்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய அந்தப் போக்கிரி உனக்கு நினைவிருக்கிறானா என்று தொடங்குகிறாள். ஒருநாள் தாயும் மகளும் வீட்டில் இருக்கையில் அவன் வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். கொடுத்துவிட்டு வா என்று தாய் மகளை அனுப்புகிறாள். சூது தெரியாமல் போனவளின் கையை அவன் பற்றிக்கொள்கிறான். பதறிப்போய், அம்மா, இவனைப் பார் என்று கத்திவிடுகிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். வந்து நின்ற தாயிடம் மகள் சொல்வது என்ன தெரியுமா? தண்ணீர் குடிக்கும்போது இவனுக்கு விக்கிக்கொண்டது என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிவிடுகிறாள். அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

இதில் எது குறை? மூன்று பாத்திரங்கள். வாசல் என்ற ஒரே களம். தண்ணீர்ப் பாத்திரம் என்ற ஒரே அரங்கப் பொருள். மணல்வீட்டிலும் பந்திலும் முடிந்துபோகும் முன்கதை. ஒரு தொடுகை, ஓர் அலறல், பிறகு ஒரு பொய். முழு நாடகமும் அந்தப் பொய்யில்தான் திரும்புகிறது. கத்திய கணம் வரை அவள் அவனுக்கு எதிராளி. பொய் சொன்ன கணத்தில் அவனுக்குக் கூட்டாளி. மனம் மாறிவிட்டது என்று அவள் எங்கும் சொல்லவில்லை, பொய் சொல்லிவிட்டது. தாய் அறியாதது நமக்குத் தெரியும் என்பதால், அவள் அக்கறையோடு முதுகைத் தடவும்போது நமக்குச் சிரிப்பும் பதற்றமும் சேர்ந்து வருகின்றன.

இத்தனையும் ஒரே குரலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கேட்பவள் தோழி. புகார் சொல்வதுபோல் தொடங்கினாலும், திட்டுகிற சொல்லிலேயே ஆசை கசிகிறது. தோழியிடம் பேசுவதால்தான் இந்தக் குரல் இப்படி இருக்கிறது. அதே நிகழ்ச்சி தாயிடம் போகும்போது விக்கல் என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. கேட்பவர் மாறினால் மொழி மாறும்; மொழி மாறினால் கதையே மாறிவிடும். கூற்று, கேட்போர் என்ற இரண்டு உறுப்புகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஓசைக்கு வருகிறேன். யாப்பு என்றதும் உங்களில் பலருக்குப் பள்ளியில் சீர் பிரித்து வாய்பாடு எழுதிய அலுப்புதான் நினைவுக்கு வரும். புத்தகத்தை மூடிவிட்டு விடியற்காலையில் தெருவுக்கு வாருங்கள். குழாயில் காற்றுச் சத்தம் போய்த் தண்ணீர் விழத் தொடங்கியதும், முதலில் பார்த்தவர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "தண்ணி வருது, கொடத்த எடு!" இதை அலகிடுங்கள். தண்ணி: நேர் நேர், தேமா. வருது: நிரை நேர், புளிமா. கொடத்த: நிரை நேர், புளிமா. எடு: நிரை, மலர். நான்கு சீர். மாச்சீரை அடுத்து ஒவ்வொரு முறையும் நிரையசை வந்திருக்கிறது. இலக்கணம் இதற்கு இயற்சீர் வெண்டளை என்று பெயர் வைத்திருக்கிறது. முதற்சீரை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் மூன்று சீரும் ஒரு வெண்பாவின் ஈற்றடியில் தளை தட்டாமல் உட்காரும். குரல் கொடுத்தவர் யாப்பருங்கலக்காரிகை படித்தவராக இருக்க வேண்டியதில்லை. குடம் நிரம்புவதற்குள் தண்ணீர் நின்றுவிடுமே என்ற அவசரம் அந்த ஓசையைக் கொடுத்தது.

பேச்சுத் தமிழின் உடம்பிலேயே யாப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்களின் ஓசைகளுக்கு இலக்கணம் வைத்த பெயர்களைக் கவனித்தால் இது இன்னும் விளங்கும். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். செப்புதல் சொல்லுதல், அகவுதல் அழைத்தல். துள்ளுதல் நமக்குத் தெரியும். தூங்குதல் இங்கே தொங்கி மெல்ல அசைதல். முதல் இரண்டும் வாயின் வினைகள், அடுத்த இரண்டும் உடம்பின் வினைகள். நெஞ்சில் கோபத்தோடு பேசுகிறவரும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசுகிறவரும் ஒரே ஓசையில் பேசமாட்டார்கள். உங்கள் கவிதையில் பேசுகிறவர் நடந்துகொண்டே பேசுகிறாரா, மூச்சு வாங்க நிற்கிறாரா, படுத்திருக்கிறாரா? அது தெரிந்தால் அடியின் நீளம் தெரியும்.

நாங்கள் எழுதுவது புதுக்கவிதை, எங்களுக்கு யாப்பு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாரதி வசன கவிதை எழுதினார். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் ந. பிச்சமூர்த்தி முதலானோர் யாப்புக்கு வெளியே வந்து எழுதினார்கள். அவர்கள் விட்டது சீர்க்கணக்கை. செவியை அவர்கள் விடவில்லை. அளவு தெரிந்து விடுவதற்கும் தெரியாமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. விசைப்பலகையில் எண்டர் தட்டிய இடமெல்லாம் அடி ஆகிவிடாது. அடி முறிகிற இடத்தில் பேசுகிறவரின் மூச்சு முறிய வேண்டும், அல்லது எண்ணம் திரும்ப வேண்டும். ஈழத்தில் மஹாகவி என்று அறியப்பட்ட து. உருத்திரமூர்த்தி (1927-1971) இதற்கு எதிர்த்திசையில் நடந்து பார்த்தார். யாப்பைக் கைவிடாமல் பேச்சோசையை அதற்குள் கொண்டுவந்தார். 'கோடை', 'புதியதொரு வீடு' ஆகிய அவருடைய பா நாடகங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனிதர்கள் செய்யுளில் பேசுகிறார்கள் என்பதே மறந்துபோகும். கவிதையும் நாடகமும் ஒரே வாயிலிருந்து வருவதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

ஓசையைப் பற்றிப் பேசும்போது தொடையை விட முடியாது. மோனை, எதுகை, இயைபு எல்லாம் உங்களுக்குத் தெரியும். தொடைகளில் முரண் என்று ஒன்று இருக்கிறது: சொல்லும் பொருளும் எதிரெதிராக வந்து மோதுவது. நாடகத்துக்கு உயிர் எது என்று கேட்டாலும் முரண் என்றுதான் சொல்கிறோம். ஒரே சொல் இரண்டு இடத்திலும் நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கவிதையில் இரண்டு சொற்கள் மோதுகின்றன. நாடகத்தில் அந்தச் சொற்களுக்குக் கைகால் முளைத்து இரண்டு மனிதர்களாக நிற்கின்றன.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இந்தக் கண்ணோடு படியுங்கள். ஒரு பக்கம் செங்கோல், அரியணை, காவலர். மறுபக்கம் கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கும் ஒரு பெண். கோவலன் கள்வனா, இல்லையா? அந்தப் பெரிய கேள்வியை இளங்கோ ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் பொருளுக்குள் வைத்துவிடுகிறார். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எம் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு கொண்டுவந்து வைக்கப்படுகிறது. அவள் உடைக்கிறாள். மாணிக்கம் மன்னனின் வாயருகே தெறிக்கிறது. தீர்ப்பைத் தனக்கே சொல்லிக்கொண்டு அவன் விழுகிறான்.

இதில் நீங்கள் கற்க வேண்டியது அந்த உடைப்புக்கு முந்தைய கணம். 'முத்து' என்று பாண்டியன் தன் வாயால் சொல்லியிருக்காவிட்டால் தெறித்து விழுந்த மாணிக்கத்துக்குப் பொருளே இல்லை. இரண்டு பேரும் தங்களைச் சொல்லால் கட்டிக்கொண்ட பிறகுதான் பொருள் பேசுகிறது. சிலம்பு காப்பியம் முழுவதும் வருகிறது, மதுரைக்கு வந்தபோது விற்பதற்காக அவள் கையை விட்டுப் போனது, இங்கே உடைந்தது. மேடையில் ஒரு பொருளை வைத்தால், அது முதலில் யார் கையில் இருந்தது, யார் கைக்குப் போகிறது, எங்கே உடைகிறது என்று எண்ணிப் பாருங்கள். உச்சக்கட்டம் என்று உங்கள் பாடநூல் சொல்வது உரத்த குரலில் பேசுவது அல்ல. அதற்கு மேல் யாரும் பேசத் தேவையில்லாத இடம் அது.

மெய்ப்பாட்டுக்கு வருகிறேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று தொல்காப்பியம் பகுத்து, 32 காட்டுகிறது. அழுகையை எடுத்துக்கொண்டால் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் அழுவதும், இழந்ததால் அழுவதும், நிலை தளர்ந்து அழுவதும், இல்லாமையால் அழுவதும் வேறு வேறு அழுகைகள். 'அவள் சோகமாக இருந்தாள்' என்று எழுதும் கை இந்த நான்கில் எது என்று நின்று யோசித்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிடும். மெய்ப்பாடு என்ற பெயரே மெய்யில், உடம்பில் படுவது என்று சொல்கிறது. பார்ப்பவர் ஆராய்ந்து கண்டுபிடிக்கத் தேவையில்லாமல் உணர்வு வெளியே வந்து நிற்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நடிகர். இளவயதில் நான் எழுதிய ஒரு நாடகத்தில், நொடித்துப்போன அண்ணன் வசதியாக இருக்கும் தம்பி வீட்டுக்குக் கடன் கேட்க வருகிறார். வாசலில் நின்று அவர் தன் நிலைமையைச் சொல்வதாக ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன். ஒத்திகையில் அண்ணனாக நடித்தவர் ஒரு நெசவாளி. வசனத்தைத் தொடங்காமல் நின்றார். செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒட்டவைத்து, யார் காலிலும் இடறாதபடி சுவரோரமாக நகர்த்தினார். கால்மிதியில் காலைத் துடைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். அழுக்குப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அசையவில்லை. தோளில் தூக்கி வளர்த்த தம்பியின் வீட்டுக்குள் கால்வைக்க அந்த அண்ணனுக்கு இருந்த கூச்சம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இளிவரல் என்ற சொல்லின் பொருளை நான் உரைநூல்களில் படித்திருந்தேன். அன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு பக்க வசனத்தை இரவோடிரவாக அடித்தேன். "எப்படி இருக்கே, தம்பி?" என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தேன்.

உரையாடல் எழுதுவதற்கு முன்னம் என்ற உறுப்பு போதும். இந்த இடத்தில், இந்தப் பேச்சு, இவர் இவரிடம் பேசத் தக்கது என்று சொல்லைக் கேட்டே நாம் உணரும்படி அமைவது அது. ஒரு பயிற்சி சொல்கிறேன். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் அதை எப்படிச் சொல்வாள்? பக்கத்து வீட்டில்: "ஒரு ஆழாக்கு அரிசி இருக்குமாக்கா? ரேஷன் வாங்கினதும் தந்துடறேன்." மாமியாரிடம்: "இன்னிக்கு ராத்திரிக்கு உப்புமா கிண்டிடட்டுமா அத்தை?" குழந்தையிடம்: "பாட்டி வீட்டுக்குப் போய் விளையாடு கண்ணு, அங்கேயே சாப்பிட்டுட்டு வா." நெடுநாள் கழித்து வந்திருக்கும் அண்ணனிடம்: "வர்ற வழியில சாப்பிட்டுத்தானேண்ணா வந்திருப்பே?"

செய்தி ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் அரிசி என்ற சொல் வாயில் வருகிறது, அதுவும் கேள்வியாக. மற்ற மூன்று இடத்திலும் அது சொல்லாமலே நிற்கிறது. அதற்குத்தான் எச்சம் என்று பெயர்; குறிப்பாக விடப்பட்டது குறிப்பெச்சம். அண்ணனிடம் கேட்ட அந்தக் கேள்வியில் அன்பும் மானமும் பயமும் ஒன்றாக இருக்கின்றன. சாப்பிடவில்லை என்று அவன் சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வாள்? அந்த 'என்ன செய்வாள்' தான் உங்கள் அடுத்த காட்சி. பாத்திரங்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தால் அடுத்த காட்சிக்கு எதுவும் மிஞ்சாது.

களன் என்பதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். 'ஒரு வீடு', 'ஒரு தெரு' என்று எழுதிவிட்டுப் போவது களன் ஆகாது. மாதவி ஆடப்போகும் அரங்கத்தை அரங்கேற்று காதையில் இளங்கோ கட்டிக்காட்டுகிறார். 24 பெருவிரல் அளவு கொண்டது ஒரு கோல். அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். தளத்துக்கும் மேலே உள்ள உத்தரத்துக்கும் இடையே நான்கு கோல். திரைகள் மூன்று வகை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது. ஆடுகிறவள் முகத்தில் தூணின் நிழல் விழுந்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறவர் ஒரு கவிஞர். அந்தக் கவலையைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன். உங்கள் பாத்திரம் நிற்கும் இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? கதவு எங்கே? அதன் வழியாக யார் வரக்கூடும்?

தெருக்கூத்தில் இந்த எழினி இன்றும் உயிரோடு இருக்கிறது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னே நின்று பாத்திரம் பாடும். முகம் தெரிவதற்கு முன்னே குரல் வந்துவிடும். திரை விலகியதும் கட்டியங்காரன், நீர் யார் என்று கேட்பான். அரசனானாலும் தேவனானாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆட்டத்துக்குள் வர வேண்டும். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நவீன நாடகத்துக்குத் தெருக்கூத்தில் பாடம் தேடினார். நீங்களும் வாய்ப்புக் கிடைத்தால் ஓர் இரவு முழுக்க விழித்திருந்து கூத்துப் பாருங்கள். அந்தக் கட்டியங்காரனை உங்களோடு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். எழுதத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவன் பக்கத்தில் நின்று, நீர் யார், யாரைப் பார்க்க வந்தீர் என்று கேட்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். மதிப்பெண் கிடையாது. நீங்கள் எழுதிய கவிதை ஒன்றை எடுங்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் போட்டதுபோல் ஒரே வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: யார், யாரிடம், எங்கே, எப்போது சொன்னது. எழுத முடியாவிட்டால் கவிதை இன்னும் முடியவில்லை; திரும்பிப் போய் அந்த மனிதரைத் தேடுங்கள். எழுத முடிந்தால், எழுந்து நின்று வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு யாரிடம் சொன்னதாக எழுதினீர்களோ, அவரைப் பேசவிடுங்கள். ஒரு வரி போதும். அவர் உங்களோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒத்துப்போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த விடியற்காலைத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். "தண்ணி வருது, கொடத்த எடு!" என்று குரல் எழுகிறது. அது தளை தட்டாத ஓர் அடி. ஆனால் அந்த ஓசைக்காக யாரும் அப்படிக் கத்துவதில்லை. வீட்டுக்குள் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பது கத்துகிறவருக்குத் தெரியும். உள்ளேயிருந்து, "நேத்து நான்தானே எடுத்தேன்!" என்று ஒரு குரல் வருகிறது பாருங்கள், அங்கே நாடகம் தொடங்கிவிட்டது. இரண்டையும் காதுகொடுத்துக் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதக் கற்ற ஒருவன்